நீவும் கை நிமிர்த்துமா?

எலும்பு முறிந்தால் புத்தூர் என்பது தமிழ்நாட்டில் சிறுவர்களுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. பழைய சித்தூர் மாவட்டத்தில் திருப்பதிக்கும் நகரிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறிய ஊரின் பெயரைத் தாங்கிய பலகைகள் சென்னையிலும் தமிழ்நாட்டின் எத்தனையோ கடைவீதிகளிலும் தொங்குகின்றன. மூங்கில் பத்தை, பச்சிலைச் சாறு, முட்டையின் வெள்ளைக்கரு, துணிச் சுருள், இவ்வளவுதான் சரக்கு. வேட்டையில் கிடைத்த முயலை ஏதோ ஒரு தழையில் சுற்றி வைத்தபோது அதன் முறிந்த எலும்பு கூடியிருக்கக் கண்டார்கள் என்று அந்தக் கட்டின் பிறப்புக்கு ஒரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், அந்தக் கையின் மேல் ஜனங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை கதையல்ல.

அந்த நம்பிக்கை எலும்பு முறிவோடு நிற்பதில்லை. சுளுக்கு, வாய்வுப் பிடிப்பு, கழுத்துத் திருகல், இடுப்புப் பிடிப்பு எதுவானாலும் சித்தூர், திருப்பதிச் சீமையில் கை வைத்தியந்தான் முதல் வாசல். காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பில் லேசாக உதைக்கச் சொல்லும் வழக்கம் தமிழர் வீடுகளிலும் உண்டு, தெலுங்கர் வீடுகளிலும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை நாலு நாளில் தாமாகவே ஆறிவிடும் தொல்லைகள்; ஆகவே வைத்தியருக்கும் நல்ல பெயர், உதைத்தவருக்கும் நல்ல பெயர். தானாக ஆறாத ஒன்று அதே திண்ணைக்கு வந்து சேரும்போதுதான் வினை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துபோகும் நோய் அப்படிப்பட்டது. டாக்டர்கள் இதை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள்.

முன்பக்கம் குனிந்துபோவது கூன். இது வேறு. நேராக நிற்க வேண்டிய தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக் கொள்வது இது. ஒரு தோள் ஏறியிருக்கும். ஒரு பக்கத்து விலா எலும்புகள் முதுகில் புடைத்திருக்கும். இடுப்பின் ஒரு மடிப்பு ஆழமாகவும் மற்றது தட்டையாகவும் தெரியும். பல வீடுகளில் இதை முதலில் கண்டுபிடிப்பவர் டாக்டர் அல்ல, தையற்காரர். பாவாடை ஒரு பக்கம் தூக்குகிறது, ரவிக்கை ஒரு தோளில் நிற்கவில்லை என்று துணி திரும்பிப் போகும்போதுதான் தாயின் கண்ணுக்கு மகளின் முதுகு படுகிறது. வயசுக்கு வரும் பருவத்தில் எலும்பு வேகமாக வளரும். வளைவும் அப்போதுதான் வேகமாக ஏறும்.

எக்ஸ்ரே படத்தில் 10 டிகிரியோ அதற்கு மேலோ வளைவு இருந்தால்தான் நோய் என்று பெயர். வளரும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அந்த அளவு இருக்கும். அவர்களிலும் பெரும்பாலோருக்கு அது ஏறாமலே நின்றுவிடும். ஏறுகிறவர்களில் பெண் பிள்ளைகளே மிகுதி. புத்தகப் பை சுமந்ததால் வந்தது, கோணலாக உட்கார்ந்து படித்ததால் வந்தது என்று தாய்மார்கள் தங்களையே நொந்துகொள்வதுண்டு. இரண்டும் காரணமல்ல. பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்துக்கே பிடிபடவில்லை.

வளைவு வேறு, வலி வேறு. இந்த ஒரு விஷயம் தெளிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்து டாக்டர்கள், சிகிச்சையே செய்துகொள்ளாத நோயாளிகளை ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். 2003-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, நாள்பட்ட முதுகுவலி இருந்தவர்கள் நூற்றுக்கு 61 பேர். வளைவில்லாத அதே வயதுக்காரர்களில் 35 பேர். ஆக, வளைவு வலியைக் கூட்டுகிறது என்பது மெய். ஆனால் வளைந்தவர்கள் எல்லோரும் வலியில் வாழ்வதில்லை. அவர்களில் பெரும்பாலோர் குடும்பம் நடத்தி, வேலை பார்த்து, மற்றவர்களைப் போலவே காலம் தள்ளியிருந்தார்கள். கோணல் முதுகென்று ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தும் சம்பந்திகள் இந்தக் கணக்கை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

வலி எங்கிருந்து வருகிறது? வளைவின் உள்பக்கத்துத் தசை வருஷக்கணக்கில் குறுகியே கிடக்கிறது. வெளிப்பக்கத்துத் தசை எந்நேரமும் இழுபட்டபடி, சாயும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்தத் தசைகளைச் சுற்றி உறைபோல ஜவ்வு ஒன்று இருக்கிறது. ஆட்டிறைச்சியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு கத்திக்கு வழுக்குமே, அதே ஜவ்வுதான். மனிதனுக்கு இடுப்பின் பின்புறத்தில் அது தடித்த பாய்போல விரிந்து, முதுகுத் தசையையும் பிட்டத்துத் தசையையும் சேர்த்துக் கட்டுகிறது. சும்மா சுற்றிக் கிடக்கும் உறையல்ல. நரம்பு முனைகள் நிறைந்தது, ஆகவே அதற்கே நோவு தெரியும். நாற்பது வயதுக்குமேல் வட்டுகளும் மூட்டுகளும் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கினால் அந்த வலியும் சேர்ந்துகொள்ளும்.

இந்த ஜவ்வையும் தசையையும் குறிவைத்துக் கையால் செய்யும் சிகிச்சைக்கு மேல்நாட்டில் மையோபேசியல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஐடா ரால்ப் என்ற அமெரிக்க அம்மையார் சென்ற நூற்றாண்டில் இந்த வழியில் ஒரு முறையையே உண்டாக்கிப் பிரபலப்படுத்தினார். பெயர் புதிதே தவிர, கை வேலை தமிழனுக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பதாக வகுத்து வைத்திருக்கிறார்கள். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் பெரிய வேற்றுமை எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் கை வழுக்கிக்கொண்டு ஓடும். தசை சூடேறும், உடம்பு இளகும். மையோபேசியல் செய்கிறவர் எண்ணெயை அனேகமாகத் தொடுவதில்லை. பிடிப்புள்ள இடத்தில் உள்ளங்கையையோ முழங்கையையோ பதித்து, மெல்ல அழுத்தி, ஒரு பக்கமாக இழுத்து, அது விட்டுக் கொடுக்கும்வரை காத்திருப்பார். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிமிஷம்கூட ஆகும். சடக்கென்று சொடுக்கும் வேலையே இதில் கிடையாது.

இதனால் ஜவ்வு உண்மையிலேயே நீள்கிறதா என்பது சர்ச்சைக்குரியது. தொடையின் ஜவ்வும் உள்ளங்காலின் ஜவ்வும் நெகிழ எவ்வளவு பலம் வேண்டும் என்று 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்; மனிதக் கையின் சக்திக்கு மிஞ்சிய பலம் அது என்று விடை வந்தது. அப்படியானால் சுகம் எப்படிக் கிடைக்கிறது? அழுத்தமும் இதமும் நரம்பு வழியாக மூளையை எட்டி, தசையின் விறைப்பைத் தளர்த்தச் சொல்கின்றன என்பதே இன்று அதிகம் பேர் ஒப்பும் விளக்கம். எது காரணமானாலும், நாள்பட்ட இடுப்பு வலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு ஆறுதல் தருகிறது. சில நாட்கள், சில வாரங்கள் நிற்கிறது. வளைந்த முதுகுக்கென்று தனியாகச் செய்த ஆய்வுகள் சிறியவை, சொற்பமானவை. அவற்றைக் காட்டி வலி குறையலாம் என்று சொல்ல இடமுண்டு. எலும்பு நிமிரும் என்று சொல்ல இடமே இல்லை.

ஆனால் அதைத்தான் சொல்கிறார்கள். மதுரைக்கு வந்த கண்ணன்... அது வடமதுரை... கூனியின் பாதத்தைத் தன் காலால் மிதித்து, மோவாயில் இரு விரல் வைத்து உயர்த்தி நிமிர்த்தினான் என்று பாகவதம் கூறும். கூன் பாண்டியன் திருஞானசம்பந்தரின் அருளால் நின்றசீர் நெடுமாறன் ஆனதைச் சைவ உலகம் கொண்டாடுகிறது. பெருமாள் மலையின் அடிவாரத்தில் வாழும் ஜனங்களுக்கு இந்த மாதிரிக் கதைகளின் மேல் பற்று இருப்பது இயற்கை. அருளுக்குக் கட்டணமில்லை, கால வரையறையும் இல்லை. இருபது நாள் உருவி விட்டால் தண்டு நேராகும், நாற்பது நாள் இழுத்தால் தோள் சமமாகும் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்வது மட்டும் வேறு ரகம். பழைய கை வைத்தியர் மட்டுமல்ல, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு புதுப் பெயரில் கடை விரித்திருப்பவர்களிலும் சிலர் இதையே சொல்கிறார்கள்.

வெறும் காசு நஷ்டமானால் பெரிதில்லை. நஷ்டமாவது காலம். வளரும் பிள்ளைக்கு வளைவு 25 டிகிரியைத் தாண்டினால், உடம்பை அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவசம் போடச் சொல்வார்கள். டாக்டர்கள் பிரேஸ் என்பதை ஜனங்கள் பெல்ட் என்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், அதை அணிந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமல் நின்றது. அணியாதவர்களில் 48 பேருக்குத்தான் நின்றது. நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குமேல் அணிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கவசம் எலும்பு வளரும்வரைதான் வேலை செய்யும். பன்னிரண்டு வயதில் வர வேண்டிய பெண், மூன்று வருஷம் எண்ணெய்த் திண்ணையில் கழித்துவிட்டுப் பதினைந்தில் வந்தால், கவசத்தின் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். பிறகு மிஞ்சுவது கம்பி வைத்துத் தண்டைப் பிணைக்கும் அறுவை சிகிச்சை, அல்லது ஏறிய வளைவோடு ஆயுள். நீவிய கை கெடுதல் எதுவும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். காக்க வைத்ததே கெடுதல்.

சித்தூர் வெயிலில் பிளாஸ்டிக் கவசத்தைப் பகலிரவாக அணிவது விளையாட்டல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சித்திரை வைகாசியில் சட்டையே கனக்கும் ஊர் இது. வேர்வை, புண், பள்ளிக்கூடத்துக் கேலி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஒரு சிறுமி அதை அணிய வேண்டுமென்றால், அணிவதன் காரணத்தை அவளுக்குப் புரியும் வார்த்தையில் யாராவது உட்கார்ந்து சொல்லியாக வேண்டும். கவசத்தைக் கழற்றிய நேரத்தில் இறுகிப்போன தசைக்கு இதமாகக் கை வைத்து விடுவதும் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். கைக்கு உரிய இடம் அங்கே இருக்கிறது.

இனி மறுபக்கத் தவறு. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி முதுகுவலியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். படம் எடுக்கிறார்கள். 35 டிகிரி. வளர்ச்சி முடிந்துவிட்டதால் கவசத்தால் பயனில்லை. அறுவைக்கு இந்த அளவு போதாது, 45, 50 டிகிரிக்கு மேல்தான் அதை யோசிப்பார்கள். "ஒன்றும் செய்ய வேண்டியதில்லை" என்று சொல்லி, ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பி விடுகிறார்கள். டாக்டர் சொன்னது வளைவைப் பற்றி. அவள் கேட்டது வலியைப் பற்றி. கேள்விக்குப் பதில் கிடைக்காதவள் நேரே கை வைத்தியரிடம் போகிறாள். அவர் தொட்டுப் பார்க்கிறார், எங்கே நோகிறது என்று விரலால் தேடுகிறார், அரைமணி நேரம் பேசுகிறார். இரண்டு நாளைக்காவது அவளுக்குத் தூக்கம் வருகிறது. இதில் அவள் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

இன்னும் ஒரு வகுப்பாரையும் மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டது. அதன்பின் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டுவிட்டது. ஆனால் 1970களிலும் 1980களிலும் அதற்கு ஆளான குழந்தைகள் இன்று ஐம்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். ஒரு கால் குட்டையானதால் இடுப்பு சாய்ந்து, இடுப்பு சாய்ந்ததால் தண்டும் வளைந்தவர்கள் இவர்களில் பலர். பாதி உடம்பின் வேலையை மறுபாதி நாற்பது வருஷம் இழுத்ததன் வலி அது. திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் பர்ட் ஆஸ்பத்திரி, போலியோவால் முடங்கிய கால்களுக்குச் செய்த அறுவைகளால் தென்னாட்டில் பெயர் பெற்றது. நடக்க வைத்த அதே இடத்தில், இன்று நடந்து தேய்ந்த முதுகுக்கும் தொடர்ந்து கவனிப்பு கேட்பது அதிகப்படியான ஆசை ஆகாது.

கையால் மட்டும் காரியம் முடிந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கத்தரினா ஷ்ரோத் என்ற பெண்மணி, தாமே முதுகு வளைந்தவர், கண்ணாடி முன் நின்று தம் உடம்பைப் பார்த்துப் பார்த்து, குழிந்த பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி விரிக்கும் பயிற்சி ஒன்றை உண்டாக்கினார். 1921-ல் மைசன் நகரில் அதற்கென நிலையமும் தொடங்கினார். இன்றைய பிசியோதெரபிக்காரர்கள் முதுகு வளைவுக்குச் சொல்லித் தரும் பயிற்சிகளுக்கு அதுவே முன்னோடி. இறுகிய இடத்தைக் கை தளர்த்தும். தளர்ந்த இடத்தில் பலத்தை ஏற்ற நோயாளிதான் வீட்டில் தினமும் உழைக்க வேண்டும். படுத்துக்கொண்டு பிறர் கையை மட்டும் நம்பியிருப்பவருக்கு வலி மாதாமாதம் திரும்பி வரும், செலவும் கூடவே வரும்.

நீவவே கூடாத முதுகுகளும் உண்டு. மாலைக் காய்ச்சல், இளைப்பு, இரவில் உறங்கவிடாத வலி இருந்தால் தண்டில் காசநோய் இருக்கலாம். மாத்திரையால் குணமாகக் கூடிய அந்த நோயை அழுத்தி முறுக்கி நரம்பைக் கெடுத்துக்கொள்வது பெரும் பாவம். கால் மரத்துப்போதல், நடை தடுமாறுதல், சிறுநீர் கட்டுக்கடங்காமை தோன்றினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதவிடாய் நின்று எலும்பு பொறுத்துப்போன பெண்களின் விலாவில் முழங்கையை ஊன்றினால் முறிவே நேரலாம். அறுவை செய்து கம்பி வைத்த முதுகை, செய்த டாக்டரைக் கேளாமல் யாரும் தொடக் கூடாது. இவற்றைக் கண்டுகொள்ளும் பயிற்சிதான் படித்த கைக்கும் படிக்காத கைக்கும் உள்ள வித்தியாசம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தில் பிசியோதெரபியும் அடங்கும். பலகையில் பெயர் எழுதியவரின் படிப்பு என்ன என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு, கூச்சப்படத் தேவையில்லை.

திருப்பதியில் எதற்குப் பஞ்சம்? பர்ட் இருக்கிறது, பிசியோதெரபிக் கல்லூரியோடு கூடிய ஸ்விம்ஸ் இருக்கிறது, ரூயா அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, தேவஸ்தானத்தின் ஆயுர்வேதக் கல்லூரியும் இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. திருப்பதியைவிடக் கிட்டம். ஆட்களுக்கும் கட்டடங்களுக்கும் குறைவில்லை. வலிக்கென்று வருகிறவரை அறுவைப் பிரிவிலிருந்து பிசியோதெரபிப் பிரிவுக்குச் சீட்டு எழுதி அனுப்புவதும், அங்கே ஒருவர் அரைமணி நேரம் கை வைத்துப் பார்த்துப் பயிற்சி சொல்லித் தருவதும், ஒரு மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்வதும் வழக்கமாக வேண்டும். தினக்கூலி விட்டுவிட்டுக் குப்பத்திலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் வாராவாரம் வர முடியாதவர்களுக்காக அந்த வட்டார ஆஸ்பத்திரிகளிலேயே ஒரு நாள் ஒதுக்கலாம்.

இந்தச் சீமைத் தமிழர்களுக்கு மட்டும் உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. 1960-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபின் இப்பக்கம் நின்றுவிட்ட கிராமங்களில் பெரும்பாலோர் தெலுங்கும் நன்றாகவே பேசுவார்கள். சந்தையில் பேரம் பேசவும் ஆபீசில் மனு கொடுக்கவும் அது போதும். வலியைச் சொல்லப் போதாது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, எரிச்சல், விண்விண்ணென்று தெறிப்பது, மதமதப்பு என்று தமிழ்க் கிழவி தன் முதுகைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனி நோய்க்குறி. உளைச்சல் தசையினுடையதாக இருக்கலாம். எரிச்சலும் மதமதப்பும் நரம்பைச் சந்தேகிக்கச் சொல்லும். டாக்டர் முன் நின்றதும் எல்லாவற்றையும் நொப்பி என்ற ஒரே சொல்லுக்குள் மடக்கிவிடுகிறாள். கை வைத்தியரிடம் அவள் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் அவளுடைய பாஷையில் கேட்கிறார். வெளிநோயாளிப் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸை உட்கார வைப்பது பெரிய செலவல்ல.

பிள்ளைகளின் காரியத்தில் அரசு செய்யக் கூடியது இன்னும் சுலபம். 1865-ல் லண்டன் டாக்டர் வில்லியம் ஆடம்ஸ் சொன்ன சோதனை ஒன்று இன்றும் வழக்கில் இருக்கிறது. பிள்ளையை முழங்கால் மடக்காமல் முன்னால் குனியச் சொல்லி, பின்னால் நின்று பார்த்தால் முதுகின் ஒரு பக்கம் புடைத்திருப்பது தெரிந்துவிடும். அரை நிமிஷ வேலை, கருவி வேண்டாம். எல்லாப் பிள்ளைகளையும் இப்படிச் சோதிப்பதால் அனாவசியப் பீதியும் எக்ஸ்ரேயும் பெருகும் என்று வாதிடுவோர் உண்டு. ஆதாரம் போதவில்லை என்று 2018-ல் அமெரிக்காவின் நிபுணர் குழுவே எழுதிற்று. டாக்டர் பக்கத்துத் தெருவில் இருக்கும் நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். துணி மாற்றும்போது தாய் தற்செயலாகப் பார்த்தால்தான் உண்டு என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வாதம் பொருந்தாது. 2013 முதல் நடந்து வரும் தேசியச் சிறுவர் நலத் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்கக் குழுக்கள் வருகின்றன. பல், கண், காது, இதயம் பார்க்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டிய முப்பது நோய்களின் பட்டியலில் முதுகு வளைவு இல்லை. சித்தூர், திருப்பதி மாவட்ட நிர்வாகங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையிலான பெண் பிள்ளைகளுக்காவது, பெண் ஊழியரைக் கொண்டு, அந்தக் குனியும் சோதனையைத் தாங்களாகவே சேர்த்துக்கொள்ளலாம். டில்லியின் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஜூனில் பள்ளிகள் திறந்ததும் தொடங்கலாம். சோதனைச் சீட்டை வீட்டுக்கு அனுப்பும்போது தமிழ்ப் பள்ளிகளுக்குத் தமிழிலேயே அனுப்பலாம்.